பொம்மை வீட்டுக் கிறிஸ்துமஸ் அறை: கோளாறு பார்த்துச் சரிசெய்யும் வழி

டிசம்பர் பிறந்தால் போதும், தெரிந்தவர்கள் வீட்டுக் குட்டி அறைகள் ஒவ்வொன்றாக என் மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். சில, வெளிநாட்டு உறவினர் அனுப்பிய, பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் தொகுப்புகள். சில, செருப்புப் பெட்டியில் சொந்தமாகச் செய்தவை. அறைகள் மாறுகின்றன, கோளாறுகள் மாறுவதில்லை. ஆகவே அவற்றை இங்கே அறிகுறி வாரியாக எழுதி வைக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் காரணங்கள் காசு செலவில்லாததில் தொடங்கிச் செலவு மிகுந்ததில் முடியும். அந்த வரிசையைத் தாண்டாதீர்கள். விளக்கு எரியவில்லை என்றதும் ஒட்டிய சுவரைப் பிய்த்துவிட்டு, பிறகு பேட்டரியை மாற்றிப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

இந்தக் குறிப்புகள் 1:12, 1:24 ஆகிய இரண்டு அளவுகளுக்குப் பொருந்தும். 1:12 என்றால் நிஜ வீட்டின் ஓர் அடி இங்கே ஓர் அங்குலம். 1:24 என்றால் அரை அங்குலம். பெட்டியில் அடைத்து விற்கும் தொகுப்புகள் பெரும்பாலும் 1:24 பக்கமாக இருக்கும். அளவு துல்லியமாக இருக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை: புதிய பட்டன் பேட்டரி ஒன்று, மலிவான மல்டிமீட்டர், கூர்முனை இடுக்கி, பல்குத்தும் குச்சிகள், உப்புத்தாள், இன்சுலேஷன் டேப், பெவிகால் போன்ற வெள்ளைப் பசை, மில்லிமீட்டர் குறித்த அளவுகோல்.

எந்த விளக்கும் எரியவில்லை

புதிய தொகுப்பு என்றால் பேட்டரிப் பெட்டியின் வாயில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை உருவினால்தான் மின்சாரம் பாயும். அடுத்து, பேட்டரியின் பக்கம். எழுத்துப் பொறித்த அகலமான பக்கமே நேர்முனை. தலைகீழாகப் போட்டால் எல்.இ.டி. எரியாது, அவ்வளவுதான். 3 வோல்ட்டில் அது கெட்டுப் போகாது. திருப்பிப் போட்டால் போதும்.

பேட்டரியின் எண்ணையும் படியுங்கள். சி.ஆர். 2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். அது இல்லாத கடையில் 2025ஐ எடுத்துக் கொடுத்து "இரண்டும் ஒன்றுதான்" என்பார்கள். வோல்ட் ஒன்றுதான், தடிமன் 2.5 மில்லிமீட்டர்தான். பெட்டிக்குள் இருக்கும் தகடு பேட்டரியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். ஆட்டினால் எரிகிறது, கீழே வைத்தால் அணைகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல் விழட்டும். 2032 கிடைக்கும்வரை தகட்டை இடுக்கியால் மெல்ல நெம்பிவிட்டுச் சமாளிக்கலாம்.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து அளந்தால் புதிய பேட்டரி 3க்குச் சற்று மேலே காட்டும். ஆனால் தனியாக அளக்கும்போது தேய்ந்துபோன பேட்டரியும் 3 என்றே காட்டி ஏமாற்றும். விளக்கோடு இணைத்து, ஸ்விட்ச் போட்ட நிலையில் அளந்தால்தான் அதன் உண்மையான நிலை தெரியும்.

பேட்டரி நன்றாக இருக்கிறது, அப்படியும் எரியவில்லை என்றால் உங்கள் அறையில் மின்சாரம் எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

*மெல்லிய செப்புக் கம்பி என்றால்:* கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத, மின்சாரத்தைக் கடத்தாத எனாமல் பூச்சு இருக்கிறது. கம்பியை வெட்டி, அப்படியே இன்னொரு கம்பியோடு முறுக்கி இணைத்திருந்தால் அது பார்வைக்குத்தான் இணைப்பு. முனையில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து, செம்பு பளிச்சென்று தெரிந்த பிறகு முறுக்குங்கள். நேர்முனை இணைப்பும் எதிர்முனை இணைப்பும் ஒன்றையொன்று தொடாதபடி தனித்தனியாக டேப் சுற்றுங்கள். அதற்குப் பிறகும் எரியாவிட்டால், விளக்கிலிருந்து வரும் இரு முனைகளையும் பட்டன் பேட்டரியின் இரு பக்கமும் வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். எரிந்தால் விளக்கு நல்லது. வழியில் எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலும் கம்பி துளைக்குள் நுழையும் வளைவில் அறுந்திருக்கும். இந்தச் சோதனையைப் பட்டன் பேட்டரியில் மட்டுமே செய்யுங்கள். அடாப்டரில் நேராகத் தொட்டால் விளக்கு அந்த நொடியே போய்விடும்.

*சுவரில் ஒட்டிய செப்புப் பட்டை என்றால்:* கோளாறு மூலைகளில் இருக்கிறது. பட்டையின் மேல்பக்கம் மின்சாரத்தைக் கடத்தும். பசைப் பக்கம் கடத்தும் என்று சொல்ல முடியாது. ஒரு பட்டையின்மேல் இன்னொன்றை ஒட்டி மூலை திருப்பியிருந்தால் நடுவில் பசைதான் நிற்கிறது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மல்டிமீட்டரைப் 'பீப்' ஒலி எழுப்பும் நிலையில் வைத்து ஒவ்வொரு மூலையின் இரு பக்கமும் தொட்டுப் பாருங்கள். ஒலி வராத மூலையில் இரண்டு பட்டைகளையும் சேர்த்துத் துளைக்கும்படி ஒரு சிறு பித்தளை ஆணியைத் தட்டுங்கள். அல்லது ஒரு பொட்டு ஈயம் வைத்துப் பற்றவையுங்கள். புதிதாக ஒட்டும்போது மூலையில் வெட்டாமல் மடித்துத் திருப்பினால் இந்தத் தொல்லையே இல்லை.

*சுவர் ப்ளக்கில் மாட்டும் அடாப்டர் என்றால்:* அதன் முதுகில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் மாட்டாதீர்கள். அமெரிக்காவிலிருந்து வரும் பொம்மை வீட்டு டிரான்ஸ்ஃபார்மர்கள் பல 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. நம் வீட்டு மின்சாரம் 230. "100–240" என்று இருந்தால் கவலையில்லை. 120 என்று மட்டும் இருந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு, அதே வெளியீடு தரும் அடாப்டரை இங்கேயே வாங்குங்கள். வெளியீடு எத்தனை வோல்ட், ஏ.சி.யா டி.சி.யா என்பதையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஏற்கெனவே மாட்டிவிட்டீர்கள், வாடை வந்தது, இப்போது செத்துக் கிடக்கிறது என்றால் திறந்து பார்க்க வேண்டாம். 230 வோல்ட் நுழையும் பெட்டியைத் திறப்பது எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்ப்பவரின் வேலை.

சிவப்பும் மஞ்சளும் எரிகின்றன, வெள்ளையும் நீலமும் எரியவில்லை

இதைப் பார்த்ததும் "வெள்ளை பல்பு எல்லாம் போச்சு" என்று புதிய சரம் வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் போயிருக்காது. சிவப்பு எல்.இ.டி. 2 வோல்ட் அளவிலேயே எரிந்துவிடும். வெள்ளை, நீலம், அடர்பச்சை மூன்றுக்கும் ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும்.

- பேட்டரி இறங்கியிருக்கலாம். மாற்றிப் பாருங்கள்.
- ரீசார்ஜ் செய்யும் பென்சில் செல்கள் போட்டிருக்கலாம். அவை ஒன்றுக்கு 1.5 அல்ல, 1.2 வோல்ட். இரண்டு சேர்ந்தால் 2.4தான், வெள்ளைக்குப் பற்றாது. சாதாரண அல்கலைன் செல்கள் போட்டால் உடனே எரியும்.
- சிவப்பையும் வெள்ளையையும் ஒரே ஜோடிக் கம்பியில் ரெசிஸ்டர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்தடை) இல்லாமல் இணைத்திருக்கலாம். அப்போது சிவப்பு மின்னோட்டத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு விளக்குக்கும் தனி ரெசிஸ்டர் வையுங்கள். மொபைல் சார்ஜரின் 5 வோல்ட்டில் ஓட்டினால் வெள்ளைக்கு 220 ஓம், சிவப்புக்கு 330 ஓம். 12 வோல்ட் டி.சி.யில் இரண்டுக்குமே 1,000 ஓம் போதும். பொம்மை அறைக்கு அந்த வெளிச்சமே அதிகம்.

3 வோல்ட் சரத்தை ரெசிஸ்டர் இல்லாமல் நேராக மொபைல் சார்ஜரில் மாட்டி, அது ஒருமுறை பிரமாதமாக எரிந்து அடங்கியிருந்தால், அதற்கு வைத்தியம் கிடையாது. புதிய சரம்தான்.

எரிகிறது, ஆனால் மங்குகிறது அல்லது துடிக்கிறது

மாலையில் பளிச்சென்று எரிந்தது இரவு உணவுக்குள் மங்கிவிட்டால் குறை விளக்கில் இல்லை. சி.ஆர். 2032இன் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லி ஆம்பியர் மணிதான். ஒற்றை விளக்கைச் சில நாள் தாங்கும் அது, பத்துப் பதினைந்து விளக்குகள் கொண்ட சரத்தைத் தாங்காது. இரண்டு அல்கலைன் பென்சில் செல்கள் போடும் பெட்டிக்கு மாற்றுங்கள். வோல்ட் அதே 3, கொள்ளளவு பத்து மடங்குக்கு அருகில். அந்தப் பெட்டியை அறைக்கு வெளியே, பின்சுவருக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். தொகுப்பு செய்பவர்கள் பேட்டரிப் பெட்டியைத் தரைக்கு அடியில் ஒட்டச் சொல்லும் பழக்கம் எனக்குப் பிடிப்பதே இல்லை. கெடக்கூடிய எதுவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

துடிப்பு என்றால் ஒரு கேள்வி: கணப்படுப்பில் நெருப்பு போல மினுங்கும் எல்.இ.டி. வைத்திருக்கிறீர்களா? அதோடு தொடராக இணைத்த எந்த விளக்கும் சேர்ந்து துடிக்கும். கணப்புக்குத் தனிக் கம்பி, தனி ரெசிஸ்டர் என்று பிரித்துவிடுங்கள். கணப்பே இல்லாத அறையில் துடித்தால் மேலே சொன்ன தளர்ந்த இணைப்புதான். ஸ்விட்சை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், துடிப்பு நின்றால் ஸ்விட்சை மாற்றுங்கள்.

தொட்டால் சுடுகிறது, கருகல் வாடை வருகிறது

முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. எல்.இ.டி. சரத்தில் சூடு வந்தால் இரு கம்பிகள் எங்கோ தொட்டுக்கொண்டிருக்கின்றன. பேட்டரிப் பெட்டிதான் முதலில் சுடும். கம்பிகளைப் பிரித்து டேப் சுற்றினால் தீர்ந்தது. பழைய பொம்மை வீடுகளில் இருக்கும் 12 வோல்ட் இழை பல்புகள் இயல்பாகவே சுடும். அவற்றின் பக்கத்தில் பஞ்சுப் பனியோ காகித மாலையோ இருக்கவே கூடாது. ஒன்று பஞ்சை எடுங்கள், அல்லது பல்பை மாற்றுங்கள். அடாப்டர் சுட்டால் அதைத் தூக்கிப் போடுவதே சிக்கனம்.

பட்டன் பேட்டரி ஒன்றைக் காணவில்லை, பக்கத்தில் குழந்தை இருந்தது

தேடிக்கொண்டிருக்க வேண்டாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்குப் போங்கள். உணவுக் குழாயில் சிக்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் திசுவை அரித்துவிடும்; குழந்தை அழாமல் விளையாடிக்கொண்டிருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதே வகைப் பேட்டரியின் உறை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கும் வீட்டில் திருகாணி வைத்து மூடும் பேட்டரிப் பெட்டி தவிர வேறெதையும் நான் மாட்டித் தருவதில்லை.

எல்லாம் வைத்தாயிற்று, ஆனால் அறை அறையாகத் தெரியவில்லை

அதிகமாக வரும் புகார் இதுதான். வருகிறவர்களுக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது. "ஏதோ கடை அலமாரி மாதிரி இருக்கிறது" என்பார்கள். காசு செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. 1:12 அறையில் நிற்கும் ஆளின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். செல்பேசியின் கேமராவை அந்த உயரத்தில் பிடித்து, வெளிவிளக்குகளை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். மேலிருந்து பார்க்கும்போது கண் மன்னித்துவிடும் பிழைகளெல்லாம் அந்தப் படத்தில் அம்பலமாகும்.

பிறகு, உறுத்தும் பொருளை மில்லிமீட்டரில் அளந்து 12ஆல் பெருக்குங்கள். 1:24 என்றால் 24ஆல். விடை நிஜ வீட்டில் இருக்கக்கூடிய அளவா?

மின்னும் ஜிகினாத் தூள் ஒரு மில்லிமீட்டர் என்றால் 12 மில்லிமீட்டர்: தரையெங்கும் சட்டைப் பொத்தான் சிதறியது போலத் தெரியும். சாதாரண 3 மில்லிமீட்டர் எல்.இ.டி. 36 மில்லிமீட்டராகிறது, மரத்தில் அது விளக்கல்ல, எலுமிச்சம்பழம். மரத்துக்கு 0603 அளவுச் சில்லு விளக்கு வாங்குங்கள், 1.6 மில்லிமீட்டர் நீளம்தான், நிஜ அளவில் 2 சென்டிமீட்டருக்குள் அடங்கும். வீட்டு மரத்தில் தொங்கும் 6 சென்டிமீட்டர் கோளத்துக்கு ஈடாக 5 மில்லிமீட்டர் மணி போதும். 1:24இல் அதில் பாதி. பரிசுப் பொட்டலத்துக்கு 3 மில்லிமீட்டர் ரிப்பன் பொருந்தும். சணல் கயிறு பொருந்தாது, கப்பல் கட்டும் வடமாகிவிடும். மெழுகுவர்த்திக்குப் பல்குத்தும் குச்சியில் ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டி வெள்ளை அடித்தாலே போதும்.

பொட்டலக் காகிதத்தின் பூ வேலைப்பாடும் இந்தக் கணக்கில் வரும். கடையில் விற்கும் பரிசுத்தாளில் ஒரு பூ 3 சென்டிமீட்டர் இருந்தால் இங்கே அது ஓரடிக்கு மேல். வேலைப்பாடே இல்லாத சாக்லேட் ஜிகினாத்தாள், அலுவலக உறைகளின் உட்புறத்தில் இருக்கும் பொடிக் கோடுகள் ஆகியவை நன்றாக எடுபடும்.

அளவெல்லாம் சரி, அப்படியும் பொருந்தவில்லை என்றால் காலம் இடிக்கிறது. விக்டோரியா காலத்து வரவேற்பறைத் தொகுப்பை வாங்கி, அதில் நிறம் மாறும் விளக்குச் சரத்தைச் சுற்றினால் கண் ஏற்காது. இங்கிலாந்து அரசி விக்டோரியாவும் கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் புகழ்பெற்ற படம் லண்டன் வார இதழ் ஒன்றில் 1848இல் வந்தது. அதில் மரம் மேசைமேல் நிற்கிறது, கிளைகளில் மெழுகுவர்த்திகள். மின்விளக்கு போட்ட முதல் மரத்தை நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் 1882இல்தான் வைத்தார். ஆகவே அந்தக் கால அறைக்கு மஞ்சள் சாயல் கொண்ட ஒரே நிற விளக்கு போதும். கம்பி வெளியே தெரியக் கூடாது. வாங்கிய மரம் குட்டையாகப் போய்விட்டதே என்று வருந்துகிறவர்களுக்கு இதில் ஓர் ஆதாயமும் உண்டு: மேசைமேல் ஏற்றிவிடுங்கள், வரலாறு உங்கள் பக்கம். சிகாகோ கலைக் கூடத்தில் இருக்கும் தோர்ன் குட்டி அறைகள் 68இல், பண்டிகைக் காலத்துக்குச் சிலவற்றை மட்டுமே அலங்கரிக்கிறார்கள், அதுவும் அந்தந்த நாட்டுக்கும் காலத்துக்கும் ஏற்றபடி. கைவசம் இருப்பதையெல்லாம் ஒரே அறையில் கொட்டாதிருப்பதும் அலங்காரம்தான்.

நாகர்கோவில் வீட்டையோ தூத்துக்குடி வீட்டையோ குட்டியாகச் செய்கிறவர்கள் கணப்படுப்பையும் தொங்கும் காலுறைகளையும் வைக்காமல், வாசலில் இரண்டு அங்குலக் காகித நட்சத்திரத்தைத் தொங்கவிட்டு, மூலையில் ஒரு குடிலை வையுங்கள். அறை தானாக உயிர்பெறும்.

மரம் சாய்கிறது, கொட்டுகிறது, அல்லது கூரையை முட்டுகிறது

*சாய்ந்தால்:* அடியில் ஓர் இரும்பு வாஷரை ஒட்டுங்கள். போதாவிட்டால் அடிக்கம்பியை ஒரு சென்டிமீட்டர் நீட்டிவிட்டு, தரையில் துளையிட்டு இறக்குங்கள். ஒட்டும் களிமண் வகைகளைத் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம். ஆனால் காகிதத் தரையில் எண்ணெய்க் கறை விடும், வெயில் நாளில் இளகும்.

*கூரையை முட்டினால்:* எட்டடி உயர அறை 1:12இல் 20 சென்டிமீட்டர். மரம் 15இலிருந்து 18க்குள் இருக்கட்டும். புட்டி கழுவும் பிரஷ் போன்ற மரத்தை உச்சியில் வெட்டினால் மொட்டையாகிவிடும். அடியில் வெட்டுங்கள், அதுவும் கொறடாவால். கத்தரிக்கோல் பாழாகும்.

*கொட்டினால்:* வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து தெளித்து உலரவிடுங்கள். சவுக்குக் கொத்தை ஒடித்துக் குட்டி மரமாக வைத்திருந்தால் தெளிப்பதில் பயனில்லை. பெரிய சவுக்கு மரமே கிறிஸ்துமஸ் முடிவதற்குள் காய ஆரம்பித்துவிடும். சிறு கொத்து சில நாள்கூடத் தாங்காது. 24ஆம் தேதி காலை புதிதாக ஒடித்து வையுங்கள்.

பனி மஞ்சளாகிறது, கசிகிறது, உதிர்கிறது

சமையல் சோடாவும் பசையும் கலந்த பனி முதல் ஆண்டு அழகாக இருக்கும். அடுத்த ஆண்டு பழுப்பேறும். மேலே வெள்ளை அக்ரிலிக் பூசினால் கொஞ்ச காலம் ஓடும், நிரந்தரமல்ல. உப்பு, சர்க்கரை இரண்டும் ஈரத்தை இழுத்துக் கசியும். சென்னை, கடலூர் போன்ற கரையோர ஊர்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களிலேயே இந்த வேலையெல்லாம் நடப்பதால் அங்கே இவை ஒரு வாரம்கூடத் தாங்காது.

நான் பயன்படுத்துவது வெள்ளைக் கல் கோலமாவு. அரிசி மாவு அல்ல. அது எறும்புக்கு விருந்து. கல் கோலமாவை மெல்லிய துணியில் சலித்து, வெள்ளை அக்ரிலிக்கும் பசையும் சேர்த்து இட்லி மாவுப் பதத்தில் குழைத்துப் பூசுங்கள். ஈரம் காயுமுன் மேலே கொஞ்சம் மாவை உலர்வாகத் தூவினால் புதுப் பனி போல நிற்கும். உதிர்ந்தால் நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

பனிமேடு தெர்மோகோலில் இருந்து, அது குழிந்து உருகியது போல ஆகிவிட்டதா? சூப்பர் க்ளூவோ ஸ்பிரே பெயின்ட்டோ பட்டிருக்கிறது. குழியைப் பசைக் குழம்பால் நிரப்பிக்கொள்ளுங்கள். இனிமேல் தெர்மோகோலுக்கு வெள்ளைப் பசை, தண்ணீரில் கரையும் வண்ணம் இரண்டும் மட்டுமே.

ஜன்னல் புகைபிடித்தது போல வெண்மையாகிவிட்டது

சூப்பர் க்ளூவின் ஆவி படிந்திருக்கிறது. ஈரக்காற்றில், மூடிய அறையில், இன்னும் மோசமாகப் படியும். உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். போகாவிட்டால் வெள்ளைப் பற்பசையைத் துளி எடுத்துத் துணியில் வட்டமாகத் தேயுங்கள். நகச்சாயம் நீக்கும் திரவத்தை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள், பிளாஸ்டிக் கரைந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் ஜன்னல் தாளைப் புதிதாக வெட்டி, வெள்ளைப் பசையால் ஒட்டுங்கள். அல்லது ஓரங்களில் கொஞ்சம் பனிக்குழம்பைத் தடவி, வெளியே குளிர் என்று விட்டுவிடுங்கள். பார்ப்பவர்கள் பாராட்டுவார்கள்.

சுவர்த்தாள் குமிழ்கிறது, சுவர் வளைகிறது

சிறு குமிழ் என்றால் ஊசியால் குத்தி, துளி பசையை உள்ளே விட்டு, பட்டர் தாள் வைத்து அழுத்துங்கள். இங்க்ஜெட் அச்சு பசையில் கரைந்து கலைந்திருந்தால் காப்பாற்ற முடியாது. லேசர் அச்சு எடுத்து மாற்றுங்கள்.

சுவர் பலகையே வில்லாக வளைந்தால், ஒரு பக்கம் மட்டும் ஈரப்பசை இழுத்திருக்கிறது. மறுபக்கமும் அதே தடிமனில் ஒரு சாதாரணத் தாளை ஒட்டி, புத்தகங்களை ஏற்றி இரண்டு நாள் விடுங்கள். பெரும்பாலும் நிமிரும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எப். பலகையின் ஓரம் தண்ணீர் குடித்து உப்பியிருந்தால் அது திரும்பாது. தேய்த்து மட்டமாக்கி, சுவரடிச் சட்டத்தால் மறையுங்கள். தரைப்பலகை முழுவதும் உப்பினால் தச்சரிடம் அளவு கொடுத்துப் புதிதாக வெட்டி வாங்குவதே நேரம் மிச்சம்.

பாட்டி காலத்துப் பொம்மை வீடு என்றால் வண்ணத்தின்மேல் உப்புத்தாளே போடாதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், தூள் நுரையீரலுக்குள் போகும். ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். பூச்சு உரிகிறது என்றால் பழம்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

காலுறையும் மரத்தடித் துணியும் விறைத்து நிற்கின்றன

துணி தடிமன். வெல்வெட்டும் ஃபெல்ட்டும் இந்த அளவில் மடியவே மடியாது. பழைய கைக்குட்டை, மல்மல், தேய்ந்த பட்டுத்துணி எடுங்கள். நீர்த்த பசையில் நனைத்து, மடிப்புகளைக் குண்டூசியால் பிடித்து உலரவிட்டால் விழுந்தபடி நிற்கும்.

எறும்பு வருகிறது, பூஞ்சை வாடை அடிக்கிறது

நிஜ மிட்டாய், நிஜ பிஸ்கட் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்; வார்னிஷ் பூசினாலும் எறும்பு கண்டுபிடித்துவிடும். மைதாப் பசையால் ஒட்டிய தாளை வெள்ளிமீனும் கரப்பானும் தின்னும். அதைத் தடுக்க மயில்துத்தம் கலப்பதெல்லாம் குழந்தை தொடும் பொருளில் கூடாது, பசையையே மாற்றுங்கள். பூஞ்சைப் புள்ளிகளைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஒற்றுங்கள், அக்ரிலிக் ஜன்னலில் மட்டும் படாமல். அது விரிசல் விடும். துடைத்த பிறகு மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுக்க உலர்த்துங்கள்.

போன ஆண்டு எடுத்து வைத்ததைத் திறந்தால் பேட்டரிப் பெட்டியில் வெள்ளைத் தூள்

செல் கசிந்திருக்கிறது. வெறும் கையால் தொடாதீர்கள், அது காரம். கையுறை போட்டுக்கொண்டு செல்களை எடுத்துவிட்டு, பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடையுங்கள், நுரைத்து அடங்கும். பிறகு தண்ணீர் தொட்ட குச்சியால் ஒருமுறை துடைத்து, நன்றாக உலர்த்தி, தகடுகளை உப்புத்தாளால் தேய்த்துப் புதிய செல் போட்டுப் பாருங்கள். சுருள்தகடு ஒடிந்திருந்தால் எலக்ட்ரானிக்ஸ் கடையில் புதிய பெட்டி மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வெளிவரும் கம்பியின் உட்புறம் பச்சையாகியிருந்தால், செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டிவிட்டுப் பிறகு இணையுங்கள். சுவருக்குள் போகும்வரை பச்சை என்றால் கம்பியையே மாற்ற வேண்டும்.

இந்த முறை எடுத்து வைக்கும்போது செல்களைக் கழற்றிவிடுங்கள். தீர்ந்துபோன பட்டன் பேட்டரிகளின் இரு பக்கமும் டேப் ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாத டப்பாவில் சேர்த்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.